க்ரீமுரின் நான்கு கிலோமீட்டர்

ஐஸ்லாந்தின் வடகரையில், மலைக்கும் கடலுக்கும் நடுவே மாட்டிக்கொண்ட அந்த ஊரில் பொய் சொல்வதற்கென்று ஒரே ஓர் இடம்தான் உண்டு: நீச்சல்குளத்தை ஒட்டிய வெந்நீர்த் தொட்டி. கழுத்துவரை நீரில் உட்கார்ந்திருப்பவனிடம் யாரும் சத்தியம் கேட்பதில்லை. பாதிரி அம்மாள் அதில் இறங்கும் நேரத்தில் ஆண்டவரே கொஞ்சம் வேறு பக்கம் பார்த்துக்கொள்வார் என்பது ஊர் நம்பிக்கை.

சாலையில் விழும் பனியை வாரித் தள்ளும் பனிவாரி வண்டியை ஓட்டும் க்ரீமுர் அந்தத் தொட்டியின் நிரந்தர உறுப்பினன். அவனிடம் இருந்தது ஒரே கதை. அதை வைத்துக்கொண்டே முப்பத்தைந்து வருடம் ஓட்டிவிட்டான்.

கதை இதுதான். தெரு கண்ணாடிபோல் இறுகிக் கிடக்கும் குளிர்நாளில், மெதுவாகப் போகும் வண்டியின் பின் பம்பரைப் பிடித்துக் குந்திக்கொண்டு, பூட்ஸின் அடியாலேயே வழுக்கிக்கொண்டு போவதற்குத் தொத்து என்று பெயர். பதினொரு வயதில் க்ரீமுர் லேஃபுரின் மீன் லாரியில் தொத்தினான். தேவாலய வாசலில் தொடங்கிப் பேக்கரி வரைக்கும் போனான். பள்ளியில் சொன்னபோது அது வங்கி வரைக்கும் நீண்டது. கல்யாண விருந்தில் துறைமுகத்தைத் தொட்டது. நாற்பது வயதில் சொன்னபோது லாரியோடு ஊரைத் தாண்டி, சுரங்கப்பாதைக்குள் நுழைந்து மறுபக்கம் வந்துவிட்டான். எதிரே வந்த டூரிஸ்ட் பஸ் முழுக்கக் கைதட்டியது. ஆக மொத்தம் நான்கு கிலோமீட்டர். அந்தச் சுரங்கம் வெட்டப்பட்டது அவன் தொத்தியதற்கு இருபது வருடம் கழித்துத்தான் என்பதைத் தொட்டியில் இருந்த ஒருவரும் கணக்குப் பார்க்கவில்லை. வெந்நீரில் கணக்கு வராது.

இவ்வளவு தூரம் எப்படிப் பிடி நழுவாமல் போனாய் என்று கேட்பார்கள். அதற்கும் பதில் வைத்திருந்தான்.

"கம்பளிக் கையுறையை ஓடைத் தண்ணில நனைச்சுக்கணும். நனைச்சுப் பம்பர்ல வெச்சா பசைபோட்ட மாதிரி ஒட்டிக்கும். எறங்கணும்னா கையை மட்டும் உருவிக்கிட்டா போச்சு. கையுறை லாரியோட போயிடும், ஆளு வீட்டுக்கு வந்துடலாம்."

சொல்லும்போது அவன் முகத்தில் ஒரு மயிர்க்கால்கூட அசையாது. லாரி ஓட்டிய லேஃபுர் காலமாகி வெகு நாளாகியிருந்ததால், மறுத்துச் சொல்லவும் ஆளில்லை.

இப்படியே கதை நல்லபடியாக வளர்ந்துகொண்டிருந்தபோது, ஜனவரி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், பள்ளியிலிருந்து எல்லாப் பெற்றோருக்கும் ஒரு செய்தி வந்தது. பிள்ளைகள் வண்டிகளில் தொத்துகிறார்கள். ஏற்கெனவே ஒரு முன்பல், ஒரு முழங்கை. இன்று மாலையே பிள்ளைகளோடு மனம்விட்டுப் பேசுங்கள். மிரட்ட வேண்டாம். உங்கள் சொந்த அனுபவத்தைப் பகிர்ந்துகொள்வது நல்ல பலன் தரும்.

மருந்துக்கடையில் வேலை பார்க்கும் சுன்னேவா அதைப் புருஷனுக்கு இரண்டு தடவை உரக்கப் படித்தாள். 'சொந்த அனுபவம்' என்ற இடத்தில் மட்டும் மூன்றாம் தடவையும் படித்தாள்.

"நீதான் பேசணும்."

"நீ பேசேன். நீ சொன்னா கேப்பா."

"நான் எதுல தொத்துனேன்? சாதனை பண்ணவன் நீ."

மகள் யோருனுக்கும் பதினொரு வயது. வேகவைத்த மீனும் உருளைக்கிழங்கும் மேசைக்கு வந்த பிறகு க்ரீமுர் தொண்டையைச் செருமினான்.

"யோருன், கொஞ்சம் மனசுவிட்டுப் பேசணும்."

"யாரு மனசுவிட்டு? நீயா, நானா?"

"ரெண்டு பேரும். நீ தொத்துறியா?"

"எல்லாரும்தான் தொத்துறாங்க."

"எல்லாரும் கடல்ல குதிச்சா நீயும் குதிப்பியா?"

"நீ குதிச்சியே. போன மாசம். நீச்சல்குளத்து ஆஸ்கெல் கூட பந்தயம் கட்டி."

சுன்னேவா உருளைக்கிழங்குத் தோலை மிகக் கவனமாக உரிக்க ஆரம்பித்தாள்.

"அது வேற. இது ஆபத்து. வண்டி சடார்னு நிக்கும், தலை போயி இடிக்கும். பின்னாடி வர்ற வண்டிக்காரன் உன்னைப் பார்க்க மாட்டான்."

"நீ மட்டும் நாலு கிலோமீட்டர் போன. உனக்கு ஒண்ணும் ஆகலையே?"

"அதிர்ஷ்டம்."

"அதிர்ஷ்டம் இல்லப்பா, முறை! எங்க கிளாஸ்ல அதுக்கு 'க்ரீமுர் முறை'ன்னே பேரு வெச்சிருக்கோம். கையுறையை நனைச்சு ஒட்டிக்கிறது. உன் பேரு எல்லாருக்கும் தெரியும்!"

தன் பெயரில் ஒரு முறை இருக்கிறது என்று கேட்டதும் க்ரீமுருக்கு வாயில் இருந்த மீன் இனித்தது. அதே நேரம் உண்மையும் மெல்ல மேலேறி வந்து, முள்மாதிரி தொண்டையில் நின்றது. சொல்லிவிட்டால் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். ஆனால் நாளைக்குத் தொட்டியில் எந்த முகத்தோடு உட்காருவான்? நான்கு கிலோமீட்டரைப் பறிகொடுத்தவனிடம் என்ன மிச்சம் இருக்கும்? ஒரு பனிவாரி வண்டியும் முதுகுவலியும்தான்.

"ஈரக் கையுறை நிஜம்தானேப்பா?" யோருன் கண்ணை அகல விரித்துக்கொண்டு கேட்டாள்.

அவன் ஒரு பெரிய உருளைக்கிழங்குத் துண்டை வாயில் போட்டு முள்ளோடு சேர்த்து விழுங்கினான்.

"நிஜம்தான். ஆனா நீ செய்யாத."

இப்படியாகப் பள்ளிக்கூடம் கேட்டுக்கொண்டபடி மனம்விட்டுப் பேசி முடித்தார்கள். சுன்னேவா புருஷனை ஒரு பார்வை பார்த்தாள். உரித்த தோலை அவன் தட்டில் வைத்துவிட்டு எழுந்து போனாள்.

மறுநாள் குளிர் மைனஸ் பதினான்கு. தெர்மாமீட்டர் இன்னும் கீழே போகத் தயாராகத்தான் இருந்தது. ஊர்க்காரர்கள்தான் பார்ப்பதை நிறுத்திவிட்டார்கள். க்ரீமுர் காலையில் பிரதான சாலையை ஒரு வண்டி போகிற அகலத்துக்கு மட்டும் வாரியிருந்தான். இரண்டு வண்டி அகலம் வாரினால் தொட்டிக்குப் போக ஒரு மணி நேரம் தாமதமாகும். சாலையின் இருபுறமும் ஆள் உயரத்துக்குப் பனிச்சுவர்.

நடுப்பகலில், கொஞ்சம் வெளிச்சம் வந்த நேரத்தில், அவன் தேவாலயத்தின் வாசலைச் சுத்தம் செய்துகொண்டிருந்தான். ஸ்டெயின்வரின் பால் லாரி மெதுவாகத் திரும்பிப் பிரதான சாலைக்குள் போயிற்று. அதன் பின்னால், பம்பருக்குக் கீழே, ஒரு சிவப்புத் தொப்பி. தொப்பியின் உச்சியில் வெள்ளைக் குஞ்சம். அந்தக் குஞ்சத்தைச் சுன்னேவா தைத்தபோது ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தவனே க்ரீமுர்தான்.

ஒரே ஒரு விநாடி அவன் நெஞ்சு நிமிர்ந்தது. அந்த விநாடியைப் பற்றி அவன் பிற்பாடு யாரிடமும் சொல்லவில்லை. குந்தியிருந்த விதம் அத்தனை கச்சிதம்! முதுகு நேராக, பூட்ஸ் இரண்டும் ஒட்டி, இடுப்பு ஆடாமல்.

அடுத்த விநாடி யோருன் தோளைப் பின்னால் வெடுக்கென்று இழுத்தாள். இன்னொரு தடவை இழுத்தாள். கை வரவில்லை.

அந்த இழுப்பு க்ரீமுருக்குத் தெரியும். உலகத்தில் அவனுக்கு மட்டும்தான் தெரியும். முப்பத்தைந்து வருடத்துக்கு முன் அதே சாலையில் அவனும் அப்படித்தான் இழுத்தான்.

"ஐயோ!" என்றவன் கியரைப் போட்டான். பனிவாரி எருமைபோல் செருமிக்கொண்டு கிளம்பியது.

லாரியை எட்டிவிட்டான். ஆனால் முந்திப் போக வழியில்லை. காலையில் அவனே வாரிய சாலை, ஒரு வண்டி அகலம். சோம்பேறிப் பயலே என்று தன்னையே திட்டிக்கொண்டான். ரொம்ப நெருங்கவும் முடியாது. முன்னால் இருப்பது மூன்று மீட்டர் இரும்புத் தகடு. ஜன்னலைத் திறந்து தலையை வெளியே நீட்டினான். காற்று காதைப் பிடித்துத் திருகிற்று.

"யோருன்! கையை உருவு! கையுறைய விட்டுட்டுக் கையை உருவு!"

"முடியலப்பா! டேப்பு!"

"என்ன டேப்பு?"

"வளைவுல கை நழுவுதுன்னு கையுறையோட சேர்த்து மணிக்கட்டுல டேப்பு சுத்தியிருக்கோம்! ரெண்டு கைலயும்!"

"அப்ப எப்படி எறங்குறதா இருந்தீங்க?"

"கத்தரிக்கோல் இருக்கு! பாக்கெட்ல!"

இரண்டு கையும் பம்பரில். கத்தரிக்கோல் பாக்கெட்டில். க்ரீமுர் முறையைப் பிள்ளைகள் எவ்வளவு தூரம் மேம்படுத்தியிருக்கிறார்கள் என்பது அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது.

ஹாரனை இரண்டு தடவை அடித்தான். அந்த ஊரில் இரண்டு தடவை ஹாரன் என்றால் வணக்கம். ஸ்டெயின்வர் மரியாதை தெரிந்த பெண்மணி. இரண்டு தடவை திருப்பி அடித்தாள். அவன் விடாமல் பத்து தடவை அடித்தான். இன்றைக்கு க்ரீமுருக்கு ஏதோ நல்ல செய்தி போலிருக்கிறது என்று மகிழ்ந்து அவளும் பத்து தடவை அடித்தாள். போனில் கூப்பிட்டான். வண்டி ஓட்டும்போது போன் எடுக்கக் கூடாது என்பது சட்டம். முப்பது வருடத்தில் அவள் ஒரு சட்டத்தைக்கூட மீறியதில்லை.

ஊருக்குள் அவள் இருபது கிலோமீட்டர் வேகத்தில்தான் போவாள். ஆனால் நீச்சல்குளத்தைத் தாண்டியதும் நெடுஞ்சாலை. அங்கே எழுபது. அதற்கப்பால் சுரங்கம். எழுபதில் ஒரு பிள்ளையின் பூட்ஸ் எத்தனை நேரம் தாங்கும்? கைகள் எத்தனை நேரம் தாங்கும்? க்ரீமுர் அந்தக் கணக்கைப் போட மறுத்தான்.

குளத்துக்குப் போன் போட்டான். குளத்துக் காவலர் ஆஸ்கெல் தொட்டியிலிருந்து ஏறி வந்து எடுத்தார்.

"ஆஸ்கெல்! ரோட்டை மறி! பால் லாரி வருது! பின்னாடி என் பொண்ணு தொத்திக்கிட்டு வரா!"

"அடி சக்கை! எது வரைக்கும் வந்துட்டா?"

"பேக்கரிய தாண்டிட்டா! நீ..."

"இரு இரு, எல்லாரும் கேக்கட்டும்!" ஆஸ்கெல் போனைக் கொண்டுபோய்க் குளத்தின் ஒலிபெருக்கி மைக்கில் வைத்துவிட்டார். நீச்சல் வகுப்பில் பிள்ளைகளை அதட்டுவதற்காக வைத்த ஒலிபெருக்கி அது. எதிர்க்கரை ஆடுகள்கூட அதற்குப் பயந்து வரிசையில் நிற்கும். இப்போது அதில் க்ரீமுரின் குரல் மலைவரைக்கும் போய்த் திரும்பி வந்தது. தொட்டியில் ஏழு தலைகள் நிமிர்ந்தன. குளத்தில் ஆறாம் வகுப்பு மொத்தமும் நீந்துவதை நிறுத்தியது. யோருனின் வகுப்புதான்; காதுவலி என்று சொல்லி அவள் மட்டும் வரவில்லை.

"வங்கிய தாண்டிட்டா! நிறுத்துங்க!"

"வங்கி தாண்டிட்டாளாம்!" தொட்டியில் கைதட்டல். பிள்ளைகள் விசில் அடித்தார்கள்.

"கைதட்டாதீங்க! ரோட்டை மறிங்கன்னா!"

"எதுக்கு மறிக்கணும்? சாதனை போயிடும்னு பயமா, க்ரீமுர்?" என்றார் ஆஸ்கெல். "சொந்தப் பொண்ணு மேலயே பொறாமையா? அட ச்சீ! வேணும்ங்கிறப்ப கையை உருவிக்கிட்டு எறங்கிடுவா. உன் முறைதானே!"

முன்னால் சிவப்புத் தொப்பி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. மறுபடி நிமிர்ந்தது. குளத்தின் ஆவி தெரிய ஆரம்பித்துவிட்டது. இன்னும் நானூறு மீட்டர்.

முப்பத்தைந்து வருடமாக விழுங்கிக்கொண்டிருந்த முள் அப்போது வெளியே வந்தது. தனியாக வரவில்லை, குடலையும் இழுத்துக்கொண்டு வந்தது.

"முறையும் இல்ல, மண்ணும் இல்ல! நான் போகவே இல்ல! நாலு கிலோமீட்டர் பொய்! டூரிஸ்ட் பஸ் பொய்! சுரங்கம் பொய்!"

"சுரங்கமா?" தொட்டியில் யாரோ விரல்விட்டு எண்ணினார். "அட, ஆமா! அப்ப ஏது சுரங்கம்?"

"அறுபது மீட்டர்தான்! கையுறைய நான் நனைக்கல, ஓடையில விழுந்தேன்! அது பம்பர்ல உறைஞ்சுபோச்சு! உருவ வரல! அம்மான்னு அழுதேன், கால்சட்டையிலேயே போயிட்டேன்! பேக்கரிக்கிட்ட லேஃபுர் நிறுத்திப் பார்த்தான், ஃபிளாஸ்க்ல இருந்த காபிய ஊத்தித்தான் கையைப் பிரிச்சான்! என் பொண்ணு கையும் ஒட்டிக்கிச்சு! அவளால எறங்க முடியாது! தயவுசெஞ்சு ஏந்திரிங்க!"

எதிரொலி மட்டும் மலையில் மோதி, 'போயிட்டேன்... போயிட்டேன்...' என்று சொல்லிக்கொண்டு இரண்டு தடவை ஊரைச் சுற்றியது.

பிறகு தொட்டி எழுந்தது.

பாதிரி அம்மாள் முதலில், ஆஸ்கெல் பின்னால், மற்றவர்கள் அதற்குப் பின்னால். துண்டைத் தேட ஒருவருக்கும் நேரமில்லை. மைனஸ் பதினான்கில் நீச்சலுடையோடு வேலியைத் தாண்டி, கையைக் கோத்துக்கொண்டு சாலையின் குறுக்கே நின்றார்கள். எட்டுப் பேர் உடம்பிலிருந்தும் ஆவி புகைந்தது. கால் ஆவியில் மறைந்துவிட்டது. தலைமுடி அங்கேயே உறைந்து, எட்டுக் கிரீடமாக நின்றது.

ஸ்டெயின்வர் வளைவில் திரும்பினாள். வெண்புகைக்கு நடுவே, கால் இல்லாமல், கிரீடம் தரித்த எட்டு உருவங்கள். நடுவில் இருப்பவர் பாதிரி அம்மாள். நியாயத் தீர்ப்பு நாளில் வண்டியை ஓரங்கட்ட வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. ஆனாலும் அவள் நிறுத்தினாள். மெல்ல, பாலில் ஒரு நுரைகூட எழாமல். அதுதான் ஸ்டெயின்வர்.

க்ரீமுர் தன் காபி ஃபிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு பனிவாரியிலிருந்து குதித்தான். மூன்று தடவை வழுக்கி விழுந்தான், நான்காவது விழுதலில் மகளிடம் போய்ச் சேர்ந்தான். யோருனின் மூக்கிலிருந்து வழிந்தது உதட்டுக்கு மேல் இரண்டு வெள்ளைக் குச்சியாக உறைந்திருந்தது.

"அப்பா, கை தெரியல. கை இருக்கான்னு பாரு."

"இருக்குடி தங்கம். ரெண்டும் இருக்கு." ஃபிளாஸ்க்கைத் திறந்து காபியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பம்பர்மீது ஊற்றினான். பாதி அவன் பூட்ஸில் போயிற்று. கம்பளி ஒவ்வொரு இழையாகப் பிரிந்தது.

யோருன் விசும்பிக்கொண்டே கேட்டாள்: "நிஜமா கால்சட்டையிலயா?"

"ஒனக்குக் கேட்டுச்சா?"

"ஊருக்கே கேட்டுச்சுப்பா."

"நிஜம்தான்."

"எனக்கும் கொஞ்சம்தான்" என்றாள் ரகசியமாக.

எட்டுப் பேரும் குளிரில் பல் தந்தியடிக்க அங்கேயே நின்றிருந்தார்கள். இரண்டு கையும் விடுபட்ட பிறகுதான் ஆஸ்கெல் சொன்னார்: "சரி, தொட்டிக்கு ஓடுங்க. கட்டைவிரல் எனக்கு மூணு நிமிஷமா இல்ல."

அன்று இரவுச் சாப்பாட்டுக்குக் கருவாடும் வெண்ணெயும்தான். சமைக்க யாருக்கும் தெம்பில்லை. யோருனின் பத்து விரலும் அவித்த இறால்போலச் சிவந்து, களிம்பு தடவி, மேசைமேல் இருந்தன. சுன்னேவா கருவாட்டில் வெண்ணெய் தடவி ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"நேத்தே கேட்டேனேப்பா," என்றாள் யோருன். "நிஜம்தானேன்னு கேட்டேன்."

"கேட்ட."

"நேத்தே சொல்லியிருந்தா நான் போயிருக்க மாட்டேன்."

க்ரீமுரிடம் இருந்த பதில்கள் எல்லாமே நான்கு கிலோமீட்டர் நீளம். "வெக்கமா இருந்துச்சு" என்றான் கடைசியில். "நான் பெரிய ஆளுன்னு நீ நெனச்சுக்கிட்டிருந்த. அதைக் கெடுக்க மனசு வரல."

"எனக்கும் கிளாஸ்ல வெக்கமா இருந்துச்சு. க்ரீமுர் பொண்ணு தொத்த மாட்டாளான்னு கேட்டாங்க. கோழைன்னாங்க."

"எனக்குத் தெரியும்" என்றாள் சுன்னேவா திடீரென்று.

"அவங்க கோழைன்னு சொன்னதா?"

"இல்ல, அறுபது மீட்டர்னு. ஒம்பது வயசுல நான் பேக்கரி ஜன்னல்கிட்ட நின்னுட்டிருந்தேன். எல்லாத்தையும் பார்த்தேன். காபி ஊத்துனதையும்."

க்ரீமுர் கையிலிருந்த கருவாடு தட்டில் விழுந்தது. "முப்பத்தஞ்சு வருஷமா தெரியுமா? ஏன் ஒரு வார்த்தை சொல்லல?"

"ஊரெல்லாம் சாதனைக்காரனப் பிடிச்சிருந்துச்சு. எனக்கு அந்த அழுத பையனப் பிடிச்சிருந்துச்சு. ரெண்டு பேரும் ஒரே ஆளா இருக்கறது எனக்குச் சௌகரியமா இருந்துச்சு." அவள் மகளின் விரல்களைப் பார்த்தாள். "நேத்து மேசையில நான் வாயைத் தொறந்திருக்கணும். தோலை உரிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்."

மறுநாள் பள்ளியில் ஆறாம் வகுப்பு யோருனைச் சூழ்ந்துகொண்டது. ஆஸ்கெல் அதற்குள் நாடா வைத்து அளந்து சொல்லியிருந்தார்: தேவாலய வாசலிலிருந்து குளம் வரைக்கும் ஆயிரத்து நூற்று நாற்பது மீட்டர். அறுபதோடு ஒப்பிட்டால் ஊர்ச் சாதனை அவளுடையதுதான். மேசைமேல் ஏறிச் சொல் என்றார்கள்.

யோருன் ஏறவில்லை. சிவந்த விரல்களைத் தூக்கிக் காட்டினாள்.

"சாதனை லாரியோடது. நான் வெறும் மூட்டை. கட்டிப்போட்ட மூட்டை. மூக்கு ஒழுகிச்சு, அழுதேன், அப்புறம் அப்பாவுக்கு ஆன மாதிரியே எனக்கும் ஆச்சு. யாருக்கு வேணும் இந்தச் சாதனை? கையைத் தூக்குங்க."

ஒரு கையும் எழவில்லை. மூன்று நாளில் தொத்து செத்துப்போயிற்று. முன்பல் போன பையன் மட்டும் ஒரு வாரம் துக்கம் கொண்டாடினான்.

தொட்டியில் க்ரீமுரின் கதைக்கு இப்போது மவுசில்லை. புதிதாக ஒன்று வந்துவிட்டது. சாலையை மறித்த எட்டுப் பேர் அடுத்த வாரம் பன்னிரண்டானார்கள். பிப்ரவரி வாக்கில் பத்தொன்பது. குளிர் மைனஸ் முப்பதுக்கு இறங்கியிருந்தது. பாதிரி அம்மாள் ஒரு கையால் லாரியை நிறுத்தினார். அவரே அதை மறுக்கவில்லை.

க்ரீமுர் மூலையில் அடக்கமாக உட்கார்ந்திருந்தான். வெளியூர்க்காரன் ஒருவன் அவனிடம், நீங்கள் சின்ன வயதில் எவ்வளவு தூரம் போனீர்கள் என்று கேட்டான்.

"பெருசா ஒண்ணுமில்ல" என்றான் க்ரீமுர், முகத்தில் ஒரு மயிர்க்கால்கூட அசையாமல். "நாப்பது மீட்டர் இருக்கும். அதுகூட இருக்காது, முப்பது. தவழ்ந்த மாதிரிதான்."

பக்கத்துக் குளத்திலிருந்து ஒரு தலை எழும்பியது.

"அறுபதுப்பா!" என்று கத்தினாள் யோருன். "அறுபது!"

"அறுபது" என்று ஒப்புக்கொண்டான் க்ரீமுர்.